ஆமை வகுப்பும் அப்பாவின் பிரேக்கும்

அன்புள்ள குண்டு,

நீ இப்போது ஒல்லிக்குச்சியாக இருக்கிறாய் என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் நான் வைத்த பேரை நான்தான் மாற்றவேண்டும், மாற்றப்போவதில்லை. இங்கே நானும் அப்பாவும் நலம். எல்லாக் கடிதத்திலும் இதைத்தான் முதல் வரியாக எழுதுகிறேன், ஆனால் போன சில கடிதங்களில் கை எழுதியதை மனசு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அவசரமாக எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுவேன். இன்று நின்று நிதானமாக எழுதுகிறேன், நலம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இருப்பதாக எழுதிப் போடு, பெற்றவள் வயிறு குளிரட்டும்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி. நீ விளம்பரம் போட்டுப் பிடித்து அனுப்பிய ஆள் சனிக்கிழமை காலை வந்தார். அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் வண்டி விற்கவில்லை. அவர் பேரில் தப்பில்லை, விலையிலும் தகராறில்லை, நல்ல மனுஷன், தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை, பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுகிற கூச்ச சுபாவம். என்ன நடந்தது என்று போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பாய், தவிர அப்பா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

அப்பாவுக்கு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் உனக்குச் சொன்னது பாதிதான். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு முழுசும் சொல்லி என்ன பண்ண என்று விட்டுவிட்டேன். மழை பிடிக்கத் தொடங்கிய சமயம், மருந்துக்கடைப் பெண் அப்பாவிடம் டிரைவிங் கற்றுக்கொண்டிருந்தாள், அவள் ஓட்ட, அப்பா எப்போதும்போல் பக்கத்து இருக்கையில். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி சாலையில் இறங்கிவிட்டாள். அப்பா கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் பக்கத்தில் இருக்கிற பிரேக்கை அழுத்தினார், வண்டி நின்றது, குழந்தை வண்டிக்கும் நம் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. குழந்தை தூக்கத்திலிருந்து கண்ணைக்கூடத் திறக்கவில்லையாம், அந்தப் பெண் கையெடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அப்பாவால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. இதைத்தான் உனக்கு நான் சொல்லவில்லை. பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கின்றன, மருந்துக்கடைப் பெண் சார் சார் என்று கூப்பிடுகிறாள், அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, கால் அழுத்தினபடி, அப்படியே இருக்கிறார். நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவள் போன் பண்ணி, நான் கட்டியிருந்த ஏப்ரனோடு ஓடிப்போய், அவர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கித்தான் இறக்கினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் வண்டியில் மறுபடி ஏறவில்லை.

அதற்கப்புறம் சமையலறை ஜன்னல் பக்கத்து நாற்காலிதான் அவருக்கு உலகம். தாடி மழிப்பதில்லை, பேப்பர் பிரிப்பதில்லை, தட்டில் போட்டதைத் தின்பார், போடாவிட்டால் கேட்கமாட்டார். எதைச் சொன்னாலும், எதுக்கு, என்று ஒரு வார்த்தை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன், தெருவில் ஒரு லாரி பிரேக் போட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பார், மிதித்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார். டாக்டரிடம் கூட்டிப்போனேன், இதயம் நன்றாக இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது, மனசு பயந்துபோயிருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார், கூடவே உடம்பை அசைக்கச் சொன்னார். அப்பா மாத்திரையைப் போட்டார், அசைய மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். நீ வந்தாயே, அப்போது பார்த்தாய். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் காலத்திலிருந்து எத்தனை ரயில், எத்தனை பஸ், எங்கே இறங்கினாலும் வாசலில் நம் வண்டிதான் நிற்கும், போன தடவை நீ டாக்ஸியில் வந்து இறங்கினாய், அவர் ஜன்னலில் நின்று பார்த்தார், கீழே இறங்கி வரவில்லை. அன்றைக்கு நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா அந்த வண்டி கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா அவர் இதுலருந்து வெளிய வரமாட்டாரு, வித்துடலாம், ஸ்கூலையும் மூடிடலாம்னு சொன்னாய். நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்பாவைக் கேட்டோம், வித்துடுங்க என்றார், பழைய பேப்பரைப் போடுகிற மாதிரி. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நான் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், இது உனக்குத் தெரியாது.

நீ கிளம்பிப் போன பிறகு ஒருநாள் பல் டாக்டரம்மா எங்கள் கடைக்கு வந்தார், பல் பார்க்கும்போது அவர் போட்டுக்கொள்கிற மூக்குக்கண்ணாடியில் திருகாணி கழன்றுவிட்டது. என் கண் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, உங்க கண்ணுக்கு எந்தக் கண்ணாடி போடுறதுன்னு கேட்டார். நான் கொட்டிவிட்டேன். அவர், டயர் கடை மாடியில காலையில நாங்க சில பேர் மெதுவா கை கால் அசைச்சு மூச்சு விடுறோம், பெருசா ஒண்ணுமில்ல, மாஸ்டரக் கூட்டிக்கிட்டு வாங்க, என்றார். அவருக்கே ஒரு காலத்தில் கழுத்து வலியும் மனக்கஷ்டமும் சேர்ந்து வந்து, காலையில் எழுந்திருக்கப் பிடிக்காமல் கிடந்தாராம், அப்போது கற்றுக்கொண்டதாம் இது. குதிப்பதில்லை, ஓடுவதில்லை, படுத்துப் புரள்வதில்லை. நின்ற இடத்தில் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது, கையை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குவது, அதோடு மூச்சையும் கவனிப்பது, அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதும், ஆமை வகுப்பா, நீ போய்ட்டு வா, என்று திரும்பிக்கொண்டார். அவருக்கென்று கூப்பிட்டால் வரமாட்டார் என்று எனக்குத் தெரியாதா என்ன, இத்தனை வருஷம் குப்பையா கொட்டினேன். எனக்குத்தான் முதுகு வலி, அந்த மாடிப்படி செங்குத்தா இருக்கு, விழுந்து தொலைச்சா யாரு பார்ப்பா, துணைக்கு வாங்க, என்றேன். முனகிக்கொண்டே தொப்பியை எடுத்து மாட்டினார்.

மாடியில் நீள அறை, பலகைத் தரை, கீழே இருந்து ரப்பர் வாசனை வரும், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். அப்பா கோட்டு மாட்டுகிற கம்பிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டார், இஞ்சி தின்ற குரங்கு மாதிரி மூஞ்சி. முதல் நாள் அப்படியே போனது. அடுத்த நாளும். மூன்றாவது தடவையோ என்னவோ, அவருக்குள் இருந்த வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. அந்தம்மா தோளைத் தூக்கிட்டு நிக்கிறாங்க, இவரு முட்டிய பூட்டிட்டாரு, என்று நாற்காலியிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினார். பல் டாக்டரம்மாவுக்குப் பாம்புக்காது, திரும்பாமலே, அப்ப நீங்க வந்து சரியா நின்னு காட்டுங்க மாஸ்டர், என்றார். வீம்புக்கு எழுந்து வந்து நின்றார். நின்றதும் தள்ளாடினார். தரை சரிவா இருக்கு, என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் பல் டாக்டரம்மா சிரிக்கவில்லை, குனிந்து அவர் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், உங்க வலது காலு தரையை அழுத்திக்கிட்டே இருக்கு சார், அது இன்னும் வண்டியிலயே இருக்கு. அப்பா குனிந்து தன் காலையே பார்த்தார். நானும்தான் அத்தனை நாளாகப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சையும் அவர் பிடித்துத்தான் வைத்திருந்தார், பாவம், ஒவ்வொரு மாணவனும் முச்சந்தி தாண்டும்வரை மூச்சைப் பிடித்தே பழகிவிட்ட மனுஷன்.

இப்போது நான் எழுதப்போவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ஒருநாள் பின்னால் நடக்கிற பயிற்சி. எல்லோரும் முன்னால் பார்த்தபடி பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைக்கவேண்டும், குதிகால் கடைசியாகத் தரையைத் தொடவேண்டும். அப்பாவுக்கு முன்னால் கறிக்கடைக்காரர், உனக்குத் தெரியுமே, கதவை நிறைத்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். அந்த மலை அப்படியே மெல்ல மெல்ல அப்பாவை நோக்கிப் பின்வாங்கி வருகிறது. அப்பா பார்க்கிறார், பார்க்கிறார், நெற்றி வேர்க்கிறது, திடீரென்று, பிரேக், என்று கத்தி வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். அங்கேதான் கதை. அந்த அறையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு காலத்தில் அப்பாவிடம் வண்டி கற்றவர்கள். அவர் குரல் காதில் விழுந்ததும் கறிக்கடைக்காரர், மருந்துக்கடைப் பெண்ணின் அம்மா, பள்ளிக்கூடத்து மணியடிக்கிறவர், பல் டாக்டரம்மா உட்பட, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வலது காலைத் தூக்கிப் பலகையில் ஒரு மிதி மிதித்தார்கள். சத்தம் கேட்டுக் கீழே இருந்து டயர் கடைக்காரர் கூரை இடிந்துவிட்டது என்று படியேறி ஓடிவந்தார், கையில் இரும்புக் கம்பியோடு. வாசலில் நின்று எங்களைப் பார்க்கிறார், நாங்கள் எல்லோரும் ஒரு காலை அழுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்க்கிறோம். முதலில் சிரித்தது யார் தெரியுமா, அப்பா. தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன், துடித்துப்போய் முதுகைத் தடவப் போனேன். சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் தாடியில் இறங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார். கறிக்கடைக்காரர் தரையில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை குண்டு, அத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று கதை கட்டமாட்டேன். ஆனால் மறுநாள் காலை என்னை எழுப்பியது அவர், நேரமாச்சு, உன் முதுகு வலிக்கு லேட்டாப் போனா பலிக்குமா, என்று. பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவதுதான் அவருக்கு வராமல் இருந்தது, படக்கென்று மாற்றுவார், விழுவார். ஒருநாள் தானே கண்டுபிடித்தார், இது ஹாஃப் கிளட்ச், என்று அறைக்கே அறிவித்தார். ஒண்ண முழுசா விட்டுட்டு இன்னொண்ணப் பிடிக்கக் கூடாது, இத விட விட அது பிடிக்கணும், நடுவுல ஒரு இடம் இருக்கு, வண்டி லேசா உறுமும் பாருங்க, அங்க நிக்கணும். பல் டாக்டரம்மா, இத்தனை நாளா இதச் சொல்லத்தான் நான் வார்த்தை தேடினேன், என்று ஒத்துக்கொண்டார். இப்போது வகுப்பு முழுக்க அந்தப் பாஷைதான். நேராக நிற்பதற்கு நியூட்ரல், பின்னால் நடப்பதற்கு ரிவர்ஸ், கடைசியில் கண்ணை மூடி நிற்பதற்குப் பார்க்கிங். கறிக்கடைக்காரர் தும்மினால் ஹாரன். மெதுவா, இன்னும் மெதுவா, என்று வாழ்நாளெல்லாம் அடுத்தவருக்குச் சொன்ன மனுஷன் இப்போதுதான் தன் உடம்புக்குச் சொல்லிக்கொள்கிறார். பதறாத காரியம் சிதறாது என்று அவர் வண்டியின் பின்கண்ணாடியில் எழுதி ஒட்டியதை நீயும் நானும் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறோம்.

வீட்டிலும் தெரிந்தது. முதலில் தூக்கம் வந்தது, விடியும்போது முழித்து உட்கார்ந்திருந்த மனுஷன் குறட்டை விட்டார், எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. பிறகு பசி வந்தது. காலையில் டீக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்பு முன்னால் நின்று கையை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குகிறார், டீ பொங்கி வழிந்தாலும் அவசரப்படுவதில்லை, துடைப்பது நான்தானே. ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைப் பாட்டு முனகிக்கொண்டே சரிபண்ணினார், இப்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஒழுகுகிறது. ஒருநாள் சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை போட்டார் பார், எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு, நாக்கு செத்துப்போச்சா உனக்கு என்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதுக்கு, என்று உட்கார்ந்திருந்தவருக்கு உப்பு ருசி தெரிந்துவிட்டதே. நானும் சும்மா விடவில்லை, வாய்க்கு வாய் கொடுத்தேன், இரண்டு பேரும் நிம்மதியாகச் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். இன்னொரு நாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன், வீட்டில் ஆளைக் காணோம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கீழே நிற்கும் வண்டியில், தன் பழைய இருக்கையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாவிகூட எடுத்துப்போகவில்லை. தோள் மேலே போகிறது, கீழே வருகிறது, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒன்றும் பார்க்காதவள் மாதிரி வெங்காயம் நறுக்கினேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டியை விற்கப்போகிறோமே என்று வாயைத் திறக்க எனக்குப் பயம், கேட்டால் விற்றுவிடு என்று மறுபடி அந்தக் குரலில் சொல்லிவிடுவாரோ என்று. அவருக்கோ, விற்கச் சொல்லிப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டோமே என்ற வீம்பு. இப்படி இரண்டு பேரும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் நீ அனுப்பிய தபால் ஆபீஸ்காரர் வந்து மணியடித்தார்.

நான் கதவைத் திறந்து வண்டி பார்க்க வந்ததாக அவர் சொன்னதும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, சாவிய எடு, என்றார், அவ்வளவுதான். கீழே போனோம். வண்டி பளபளவென்று இருந்தது, அவர்தான் துடைத்து வைத்திருந்தார், விற்கத் துடைத்தாரா வைத்துக்கொள்ளத் துடைத்தாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. பக்கத்து இருக்கைக்குத் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கிற இந்த வண்டியை யார் வாங்குவார்கள் என்று நீயும் நானும் கவலைப்பட்டோமே, அந்த மனுஷன் அதைத்தான் ஆசையாகத் தேடிப் பார்த்தார். லைசென்ஸ் வாங்கிப் பெட்டியில் வைத்ததோடு சரி, ஓட்டிப் பழக்கமில்லையாம், இப்போது கல்யாணம் ஆகியிருக்கிறது, பெண்டாட்டி பக்கத்துல உக்காந்து பிரேக் பிடிச்சுக்குவா, அதனாலதான் இந்த வண்டிய விட மனசில்ல, என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்துக்கு முன் என் அப்பாவே உன் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை. சாவியைக் கொடுத்தோம். அவர் உட்கார்ந்தார், இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டார், சொட்டு மழையில்லாத வெயிலில் வைப்பர் கீச்கீச்சென்று ஆடுகிறது. வெளியே எட்டிப் பார்த்து, நீங்களும் கொஞ்சம் வர்றீங்களா சார், எனக்கு இந்த ரோடு புதுசு, என்று கெஞ்சினார்.

அப்பா பக்கத்து இருக்கையின் கதவில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. வேணாங்க, நான் போறேன், என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன், எனக்கு ஓட்டவே தெரியாது என்பது வேறு விஷயம். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூச்சை விட்டார். பாரத்தை இடது காலுக்கு மாற்றினார், மெதுவாக, நடுவில் அந்த ஒரு இடத்தில் நின்று, மாடியில் செய்கிற அதே மாதிரி. பிறகு வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். நான் பின்கதவைத் திறந்து விழுந்தடித்து ஏறிக்கொண்டேன், என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று. ரொட்டிக் கடை முனையில் எஞ்சின் நின்றுவிட்டது, பின்னால் ஹாரன் சத்தம், தபால் ஆபீஸ்காரரின் காது மடல் சிவந்துவிட்டது. அப்பா சொன்னார், மூச்சை விடுங்க, யாரும் எங்கயும் ஓடிப்போயிடல, அவங்க ஹாரன் அடிக்கட்டும், அது அவங்க வேலை, நீங்க கிளட்ச்சப் பாருங்க. அது பழைய குரல்தான், ஆனால் முன்பெல்லாம் அதில் இருக்கும் விறைப்பு இல்லை. வண்டி கிளம்பியது. மார்க்கெட் வழியாகத் திரும்பும்போது ஒரு பால் வண்டி சந்திலிருந்து பின்பக்கமாக வெளியே வந்தது, படக்கென்று. தபால் ஆபீஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா பிரேக்கை அழுத்தினார். நின்றது. பால் வண்டி அது பாட்டுக்குப் போய்விட்டது. எங்கள் வண்டி நிற்கிறது. அன்றைக்கும் இப்படித்தானே, நின்றது, பிறகு அந்தக் கால் எழவில்லையே. பின்னாலிருந்து எனக்கு அவர் கால் தெரியவில்லை, தோள்தான் தெரிந்தது. அது காதுவரை ஏறியிருந்தது. முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தத் தோளையே பார்க்கிறேன். அது கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம். நீளமாக ஒரு மூச்சு வெளியே போகிற சத்தம் கேட்டது. வண்டி மெல்ல நகர்ந்தது, நகர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அவர் காலை எடுத்துவிட்டார்.

நான் முந்தானையால் மூக்கைச் சிந்தினேன், சத்தம் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்துவிட்டது. அப்பா வண்டியில் தனக்கென்று மாட்டியிருக்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்து, பின்னாடி என்ன ஹாரன், என்றார். தபால் ஆபீஸ்காரர் பயந்து பிரேக் போட்டார். அப்புறம் ஊரைச் சுற்றினோம், அந்த மனுஷனை ஆற்றங்கரை வரைக்கும் ஓட்டவைத்து, மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொல்லி, ஸ்டியரிங்கை என்ன முயல்குட்டியா புடிச்சிருக்கீங்க, தோளை இறக்குங்க, என்று ஆசைதீரத் திட்டி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அவர் சட்டை நனைந்திருந்தது, ஆனால் முதல்முறையாகச் சுவரைப் பார்க்காமல் அப்பா முகத்தைப் பார்த்தார். விலை என்ன சொல்றீங்க, என்றார். அப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார், வண்டி விக்கிறதுக்கில்ல, செவ்வாய்க்கிழமை காலைல வாங்க, முதல்ல ஓட்டக் கத்துக்கங்க, உங்க சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் கத்துத் தர்றேன், அந்தப் புள்ளயாவது பக்கத்துல உக்காந்து பிரேக்கை மிதிக்காம காலைச் சும்மா வைக்கட்டும். வண்டி வாங்க வந்தவர் மாணவராகப் போனார், தெரிந்துகொள். மேலே வந்ததும் அப்பா செய்த முதல் வேலை மருந்துக்கடைப் பெண்ணுக்குப் போன் போட்டது. வேறு ஸ்கூலில் சேராமல் காத்திருந்தாள் அந்தப் பெண், உங்க பக்கத்துல உக்காந்து ஓட்டினாத்தான் சார் எனக்குப் பயம் போகும், என்றாளாம். எனக்கும் அப்படித்தான், என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது.

எல்லாம் வெளிச்சமாகிவிட்டது என்று உன்னை ஏமாற்ற எனக்கு மனசில்லை. இன்னமும் சில நாள் மழை பிடித்தால் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார். டாக்டர் கொடுத்த மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவிடமாட்டேன், ஆமை வகுப்பு ஒன்றும் மந்திரமில்லை என்று பல் டாக்டரம்மாவே சொல்கிறார். ஆனால் முன்பு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், இப்போது கொஞ்சநேரத்தில் தானே எழுந்து காலை மாற்றி மாற்றி நின்று மூச்சு விட்டுவிட்டு, டீ போடவா, என்று கேட்கிறார். எனக்கு அது போதும். பொய்யாகச் சொன்ன என் முதுகு வலியோ, நிஜமாகவே வந்து, நிஜமாகவே போய்விட்டது. லென்ஸ் தேய்க்கும்போது எனக்கு இப்போது பதற்றம் வருவதில்லை, முதலாளி என்ன டீச்சரம்மா ஒரே சிரிப்பு என்கிறார், எந்தக் காலத்தில் நான் டீச்சராக இருந்தேனோ அவருக்கே வெளிச்சம். நீயும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திரு கண்ணா. வீடியோவில் பார்க்கும்போது உன் கழுத்து ஆமைக் கழுத்து மாதிரி முன்னால் நீண்டிருக்கிறது, ஆமை மாதிரி மெதுவாக இரு என்றால் கழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டாயே. வேலைக்கு நடுவில் எழுந்து நில், முட்டியைப் பூட்டாதே, தோளை இறக்கு, மூச்சை முழுசாக வெளியே விடு, உள்ளே வருவது அதுவாக வரும். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், ஹாரன் அடிப்பது அவர்கள் வேலை. ராத்திரி ரொட்டியும் ஜாமும் என்று வயிற்றை ஏமாற்றாதே, அடுப்புப் பற்றவைத்து ஏதாவது சூடாகப் பண்ணிச் சாப்பிடு.

நீ நன்றாக இருக்கவேண்டும், நினைத்தது நடக்கவேண்டும், உடம்பும் மனசும் ஒன்றையொன்று விட்டுவிடாமல் உனக்குத் துணையாக இருக்கவேண்டும் என்று பெற்றவள் இங்கிருந்தே உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறேன். மறக்காமல் ஒன்று செய், இன்றைக்கே செய், அந்த விளம்பரத்தை எடுத்துவிடு. நேற்றும் யாரோ போன் பண்ணி விலை கேட்டார்கள், அப்பா அவருக்கும் செவ்வாய்க்கிழமை வரச்சொல்லிவிட்டார்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பின்குறிப்பு: ஒட்டப்போகும்போது அப்பா கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மழை நாளுக்குப் பிறகு அவர் பேனாவைத் தொட்டு நான் பார்க்கவில்லை. கீழே இருப்பது அவர் கையெழுத்து, கொஞ்சம் ஆடியிருக்கிறது, பார்த்துப் படி.

குண்டு, அடுத்த தடவை வரும்போது டாக்ஸி பிடிக்காதே. வாசலில் நிற்கிறேன்.
அப்பா